தேய்த்துக் கொடுத்த தகடுகள்

கிள்ளை கிராமத்தில் என் நாத்தனார் அமிர்தத்தின் வீட்டில் மினுங்காத பாத்திரத்தை நான் பார்த்ததில்லை. இரவல் வாங்கிய கிண்ணத்தைக்கூடப் புளி போட்டுத் தேய்த்துத்தான் திருப்பிக் கொடுப்பாள். அந்தக் குணத்தால் வந்த வினைதான் இது.

அறுபத்தைந்தாம் வருஷ வாக்கில் அண்ணாமலை நகர் காலேஜிலிருந்து மணவாளன் சார் வந்தார். அவள் வீட்டுப் பின்புறத்து உப்பங்கழியில் கம்பு நட்டு, சேற்றில் புதைகிற மாதிரி இரும்புத் தகடுகளைக் கட்டிவிட்டார். சிலது வெறும் தகடு. சிலவற்றில் அவரே செம்பு கலந்து காய்ச்சிய பெயிண்ட். காவல் அமிர்தம்.

"எதுக்கு சார் இது?"

"சேத்துல கிருமி இருக்கும்மா. கடலூர்ல இரும்புப் படகோட அடியெல்லாம் அரிச்சிடுது. இந்த பெயிண்ட் அதக் கொல்லுதான்னு பாக்கணும்."

"இரும்ப அரிக்கிற கிருமியா? எனக்கும் காட்டுவீங்களா?"

"தகட்ட எடுத்ததும் காட்டுறேன்."

அன்றிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. நகை நட்டுக்குக்கூட இப்படி ஆசைப்பட்டவள் இல்லை.

எடுக்கும் நாளன்று சார் வருவதற்குள் அவளே இறங்கித் தகடுகளைத் தூக்கிவிட்டாள். கறுப்பாய் வழவழவென்று அழுக்குப் படிந்து கூமுட்டை நாற்றம் நாறியது. தன் வீட்டிலிருந்து போகிற பொருள் இப்படியா போவது? தேங்காய் நாரும் சாம்பலும் வைத்துத் தேய்த்து, வாசலில் அடுக்கி வைத்தாள்.

சார் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அமிர்தம்மா, அந்த அழுக்குலதானே கிருமி இருந்துச்சு."

"அழுக்கோட எப்படி சார் குடுக்கிறது?"

அவள் செய்தது தப்பென்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். கழுவாதே என்று அவரல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

வெறும் தகடுகளில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். பெயிண்ட் பூசியவற்றில் குழியே இல்லை. ஆனால் எதில் எவ்வளவு கிருமி இருந்தது என்று தெரியவில்லையே. மறுபடியும் முதலிலிருந்து கட்ட வேண்டும் என்றார் சார். அமிர்தத்தின் முகம் விழுந்துவிட்டது. திடீரென்று உள்ளே ஓடி, தேய்த்த நாரை எடுத்து வந்தாள்.

"இதுல ஒட்டியிருக்காதா சார்?"

அவர் சிரித்துவிட்டார். "எல்லாம் கலந்துபோச்சு, சோதனைக்கு ஆவாது. நீ பாக்கிறதுக்கு ஆவும், வா."

கூட நானும் போனேன். காலேஜில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவள் எடுக்கவே இல்லை.

"நெளியுது சார். இத்தினியூண்டு இருந்துகிட்டா இரும்பத் திங்குது?"

"திங்கல. அது வுடுற காத்துதான் அரிக்குது."

"அந்தக் கூமுட்டை நாத்தமா? பாவம், வவுறு சரியில்ல போல."

அடுத்த முறை அவள் தகடுகளைத் தேய்க்கவில்லை. ஆனால் தெருவில் யார் கண்ணிலும் படக்கூடாதென்று ஒவ்வொன்றையும் வாழை இலையில் சுற்றித்தான் கொடுத்தனுப்பினாள்.