முன்பக்கம் பார்க்காத சத்யப்பிரியா

சத்யப்பிரியாவுக்கு ஒன்பது வயதில் பழனியில் மொட்டை போட்டார்கள். மகள் தானாக வந்து கேட்டதில் அப்பா நாச்சிமுத்து பூரித்துப்போனார். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைதான் தமிழில் டப்பிங் செய்த வெளிநாட்டு விண்வெளிப் படம் ஒன்றுக்கு அவளை அழைத்துப் போயிருந்தார். ‘ஏழாம் கோள்’ என்று பெயர். அதில் விண்கப்பல் ஓட்டும் கேப்டன் ஈராவுக்குத் தலையில் ஒரு முடிகூடக் கிடையாது. அது யாருக்காகப் போட்ட மொட்டை என்று முருகனுக்குத் தெரியும். அவர் பெரிய மனசுக்காரர், காட்டிக்கொடுக்கவில்லை.

மூன்றாம் பாகம் வந்தபோது அவள் பனியன் கம்பெனியில் சேர்ந்திருந்தாள். அந்தப் படத்தின் கடைசியில், எரியும் கப்பலுக்குள் சிக்கியவர்களை மீட்க ஈரா ஓடினாள். கதவு மூடிக்கொண்டது. படமும் முடிந்துவிட்டது. ஈரா செத்தாளா, பிழைத்தாளா? நாலாம் பாகத்தில் அவளைப் பற்றி ஒரு பேச்சுமில்லை. ஐந்தாம் பாகத்தில் பேசும் முயல்கள் வந்தன. சத்யா பாதிப் பப்ஸோடு எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

“இனி அந்தப் படத்தோட பேச்சையே நம்ம ஊட்டுல எடுக்கக் கூடாதுங்க” என்று கணவன் முருகவேலிடம் கறாராகச் சொன்னாள். அவன் அதுவரை எடுத்ததே இல்லை, பாவம்.

கோபமெல்லாம் சும்மா. பல வருஷம் கழித்து ஆறாம் பாகத்தின் டீசர் வந்தது. அதே கரிந்த கதவு லேசாக அசைந்தது, அவ்வளவுதான். நாற்பது வயதுக்காரி அடுப்பில் ரசம் பொங்கி வழிவதுகூடத் தெரியாமல் அதையே திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தானா அந்த ஆர்டர் வர வேண்டும்? படம் வருவதற்கு நாலு மாதம் முன்பே, அதே படத்துக்கான குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர் அவள் கம்பெனிக்கு வந்தது. ஏற்றுமதிச் சரக்கு, பரம ரகசியம் என்று எல்லோருடைய போனையும் கேட்டிலேயே வாங்கி வைத்தார்கள். டி-ஷர்ட்டின் மார்பில் பெரிதாக ஒரு பிரிண்ட். ஈராவின் கதி என்னவென்று அதைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். அந்தப் படத்தில் ஒரு பாகம்கூடப் பார்க்காத, அவள் வேலை செய்யும் செக்கிங் செக்சன் முழுவதற்கும் தெரிந்துவிட்டது. சத்யாவுக்கு மட்டும் தெரியாது. தியேட்டரில் பார்க்கும்வரை தெரியவும் கூடாது.

தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். உள்ளே தையல், வெளியே துணியும் பிரிண்டும். சத்யா சூப்பர்வைசர் குணாவிடம் போய் நின்றாள்.

“தம்பி, இந்த ஆர்டருக்கு நான் உள்பக்கம் மட்டும் பாக்கறனுங்க. வெளிப்பக்கத்தத் தெய்வாக்கா பாக்கட்டும்.”

“ஏனுங்கக்கா, கண்ணுல ஏதாச்சும் பிரச்சனைங்களா?”

“கண்ணு நல்லாத்தான் தெரியுதுங்க தம்பி. அதுதான் பிரச்சனையே.”

தெய்வாத்தாள் அவளோடு ஒரே மேஜையில் வேலை செய்யும் மூத்தவள். பிரிண்டைப் பார்த்து முடித்து, பீஸை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி அவள்தான் நீட்டுவாள். சில நாள் எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு தெய்வாத்தாளின் முகம் வாட ஆரம்பித்தது. பீஸைத் திருப்பும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு விட்டாள். ஒருநாள் டீ நேரத்தில் சத்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “எதையும் தாங்கோணும் கண்ணு” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

இதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்? ஈரா செத்துவிட்டாள். சத்யா அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

“அப்படின்னா படத்துக்குப் போகாம உட்டுரலாமா?” என்றான் முருகவேல்.

“எழவுக்குப் போகாம இருக்க முடியுங்களா?”

படம் வந்த ஞாயிற்றுக்கிழமை செக்கிங் செக்சனே துணைக்குக் கிளம்பி வந்தது. குணா எல்லோருக்கும் பப்ஸ் வாங்கினான். சத்யா மட்டும் அதைத் தொடவில்லை. முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு, அழுவதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

கடைசிக் காட்சி வந்தது. கரிந்த கதவு, ஒரே புகை. கதவு திறந்தது. தலை நிறைய நரைமுடியோடு, கண்ணைச் சுருக்கிச் சிரித்துக்கொண்டே ஈரா இறங்கி வந்தாள்.

சத்யா எழுந்து நின்று விசிலடித்தாள். அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பதே முருகவேலுக்கு அப்போதுதான் தெரிந்தது. சந்தோஷம் தாங்காமல் தெய்வாத்தாளைப் பிடித்து உலுக்கத் திரும்பினாள். அந்த வரிசையில் ஒருவர்கூடத் திரையைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அக்கா! தெரிஞ்சுக்கிட்டேதான் என்னய அழுக வெச்சீங்களா?”

“பின்ன? நான் சிரிச்சுட்டுத் திரிஞ்சா நீ கண்டுபுடிச்சிருவியே. மூஞ்சியத் தொங்கப் போட்டுப் போட்டு எனக்குத் தாவாக்கட்டையே வலிக்குது.”

பின்சீட்டுக்காரர் உட்காரச் சொல்லிக் கத்தினார். சத்யா உட்காரவில்லை. அழுகையும் சிரிப்புமாகத் திரையைக் காட்டி, “இப்பவாச்சும் அங்க பாருங்கக்கா” என்றாள்.

“அவ மூஞ்சியத்தான் தெனமும் பாத்தனே கண்ணு. இன்னைக்கு உம் மூஞ்சியப் பாக்கத்தான் எல்லாரும் வந்தோம்.”