படகில் ஏறிய தலைவனும் கூட்ட அறையில் நானும்

வடக்கே போசரித் தொழிற்பேட்டையில், ஒரு ஜப்பானியக் கம்பெனியின் தொழிற்சாலையில் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளனாக எனக்கு வேலை. பயிற்சிக்கு ஜப்பான் போயிருந்தபோது, ஒகயாமா பக்கம் ஒரு பழைய கோட்டை இருந்த இடத்தைப் பார்க்கப் போனேன். கோட்டை என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. தாமரைக் குளமும் ஒரு மண்மேடும்தான். பகைவர்கள் ஆற்றைத் திருப்பிவிட்டுக் கோட்டையைச் சுற்றி வெள்ளத்தைத் தேக்கினார்கள். தலைவன் உயிரைக் கொடுத்தால் மற்றவர்களை விட்டுவிடுகிறோம் என்றார்கள். அவன் படகேறி நடுத்தண்ணீருக்குப் போய், எல்லாரும் பார்க்க வயிற்றைக் கிழித்துக்கொண்டான். நானூறு வருடத்துக்கு மேலாகிறது. அந்த மேட்டின் முன்னால் நின்று வெட்கமில்லாமல் அழுதேன்.

திரும்பி வந்ததும் பார்த்தவர்களிடமெல்லாம் இதே கதைதான். எங்கள் மேலாளருக்கு மிகவும் பிடித்துப்போய், குளத்தின் படத்தைச் சட்டம் போட்டுக் கூட்ட அறையில் மாட்டினார். பிரஸ் மெஷின் ஓட்டும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் கேண்டீனில் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

போன மழைக்காலத்தில் அவருடைய வலது கையில் மூன்று விரல்கள் அந்த மெஷினில் போயின. வேலை வேகமாக நடக்க வேண்டுமென்று பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றச் சொன்னவர் மேலாளர். மருத்துவமனைக் கட்டிலில் திருநெல்வேலிக்காரர் என்னிடம் கெஞ்சினார்.

"கழட்டச் சொன்னது அவருதான் சார். ஜப்பான்காரருட்ட நீங்க சொல்லிருங்க. இல்லன்னா என் வேல போயிரும்."

"கண்டிப்பா சொல்றேன்" என்றேன்.

விசாரணைக்கு ஜப்பானிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். தொழிலாளியே தடுப்பைக் கழற்றிவிட்டான் என்று மேலாளர் இந்தியில் சொன்னார். அவர் தலைக்கு மேலேதான் அந்தக் குளத்துப் படம். நான் அப்படியே ஜப்பானியத்தில் சொன்னேன். பெரியவர் எழுதுவதை நிறுத்தினார்.

"அந்தத் தொழிலாளி என்ன சொல்கிறார்?"

மேலாளரிடம் கேட்டேன். "குச் நஹீ" என்றார்.

"ஒன்றும் சொல்லவில்லை" என்று மொழிபெயர்த்தேன்.

பேசுபவர் சொன்னதில் ஒரு சொல்லைக் கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது என்பது எங்கள் தொழிலின் விதி. அன்றைக்கு அந்த விதி எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது! விதியாவது மண்ணாவது. பயம். என் வேலை போய்விடுமே என்ற பயம். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அந்தக் கும்பலில் நானும் ஒருவன். பெரியவர் குறித்துக்கொண்டார்.

திருநெல்வேலிக்காரரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். லாக்கரில் இருந்த தன் சாமான்களை எடுக்க வந்தவர், கேட் பக்கம் எனக்காகக் காத்திருந்தார்.

"ஜப்பான்காரருட்ட சொன்னியளா சார்?"

"சொன்னேன். அவங்க ஒத்துக்கல."

பையைக் கீழே வைத்துவிட்டு இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்களாவது எனக்காகப் பேசுனியளே சார். அது போதும்."

அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டேன்.