நான் ஏற்றிவிட்ட சுருதி

கணினி இசையில் மிடி (MIDI) என்பது சத்தமே இல்லை. எந்தக் கட்டையை எப்போது அமுக்க வேண்டும் என்ற கட்டளை மட்டும்தான். எந்தச் சுருதிக்கு இழுத்தாலும் முணுமுணுக்காமல் வரும். பதிந்த மனிதக் குரல் அப்படியல்ல. பிடித்து இழுத்தால் முகமே மாறிவிடும். கல்முனையில் நான் ஒலிப்பதிவுக் கூடம் நடத்திய காலத்தில், யுத்தம் முடிந்த வருடம், இதைக் கற்றுக்கொண்டேன். கூடம் என்பது, சுவரில் பழைய மெத்தை ஒட்டிய ஓர் அறைக்கு நான் வைத்த பெயர்.

சுனாமி வீட்டுத் திட்டத்தில், அக்கா முறையில் நான் ராத்தா என்று கூப்பிடும் ஒருவர் இருந்தார். அவருடைய மூத்த மகன் கட்டாருக்குப் போகுமுன், தங்கச்சியின் கல்யாணத்துக்கென்று என்னிடம் ஒரு வாழ்த்துப் பாட்டைப் பாடிவைத்திருந்தான். ஆர்மோனியத்தை நான் மிடியில் போட்டிருந்தேன். மாப்பிள்ளை வாசலில் காலெடுத்து வைக்கும்போது அது ஒலிக்க வேண்டும். கல்யாணத்துக்கு முதல்நாள் ராத்தா வந்தார்.

“தம்பி, பாட்டுட சுருதி கீழ கிடக்கு. பொம்புளையளும் சேர்ந்து படிக்கோணும். கொஞ்சம் ஏத்தி வைங்க, அசர் தொழுதிட்டு வாறன்.”

“அது ஒரு சொடுக்கு வேலை ராத்தா.”

சுட்டியைச் சொடுக்கினேன். ஆர்மோனியம் ஏறியது, குரல் இருந்த இடத்திலேயே இருந்தது. பிரிந்து போகத் தீர்மானித்த புருஷன் பெண்சாதி போல ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். குரலையும் பிடித்து ஏற்றினேன். கெட்டிக்காரன் அல்லவா, ஏற்றியதைப் பழைய கோப்பின் மேலேயே சேமித்தேன். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. திரும்பி வந்தபோது, பழைய குரலை மீட்க வழியில்லை.

போட்டுப் பார்த்தேன். கட்டாரில் கிரேன் ஓட்டும் தடியனைக் காணோம். பொடியன் ஒருவன் பாடினான். இறக்கினால், பானைக்குள் தலையை விட்டுக் கதைப்பது போல வந்தது. தெற்கே திருக்கோவில் ஊர்ப் பக்கம் ஓடிவிடலாமா என்றுகூட யோசித்தேன். வழியில் சிங்கள ஆமிக்காரன் மறித்துக் கேட்டால், ‘கல்யாணப் பெண்ணின் உம்மாவுக்குப் பயந்து ஓடுகிறேன்’ என்று எந்த மொழியில் சொல்வது?

அசர் முடிந்ததும் ராத்தாவின் செருப்புச் சத்தம் கேட்டது. கதிரையைத் துடைத்து வைத்தேன்.

“போடுங்க தம்பி.”

போட்டேன். அவர் ஏசவில்லை. மெல்லக் கதிரையில் உட்கார்ந்தார்.

“அந்தப் பெட்டிச் சத்தத்த நிப்பாட்டுங்க.”

ஆர்மோனியத்தை அணைத்தேன். குரல் மட்டும் தனியே பாடியது.

“இது மூத்தவன் இல்ல.”

“ராத்தா, நான்தான் நாசமாக்கிப் போட்டன். பழைய குரலும் அழிஞ்சி பெய்த்து. என்ன ஏசுறெண்டாலும் ஏசுங்க.”

“இது சின்னவன்ட குரல்.”

ராத்தாவின் சின்ன மகனை, பொடியனாக இருக்கும்போதே, சுனாமியில் கடல் கொண்டுபோயிருந்தது. அவனுடைய ஒரு படம்கூட மிஞ்சவில்லை என்பது எனக்குத் தெரியும். கல்யாண வீட்டை மையத்து விழுந்த இழவு வீடாக்கிவிட்டேனே என்று நினைத்தேன். “இப்பவே இறக்கித் தாறன், எப்படியாவது சரிக்கட்டலாம்” என்று உளறியபடி விசைப்பலகைக்குக் கையை நீட்டினேன்.

“தொட்டிராதீங்க!” ராத்தா என் கையைத் தட்டிவிட்டார். “மூத்தவன் ஹயாத்தோட, உசிரோட இரிக்கான்தானே? போன் எடுத்துத் திரும்பப் படிக்கச் சொல்லுவம். இதுல கைய வைக்காதீங்க.”

மூத்தவன் கட்டாரிலிருந்து போனிலேயே பாடினான், மூக்கடைத்தவன் போல. மறுநாள் பெண்கள் போட்ட குரவையில் சுருதியை யார் கவனித்தார்கள்! ஆனால் அவனைப் போனில் கூப்பிடுமுன், அந்தச் சின்னவன் குரலை ஒரு சீடியில் பதிந்து தரக் கேட்டார் ராத்தா. பதிந்தேன். சரியாகப் பதிந்ததா என்ற பயத்தில் முதலிலிருந்து கடைசிவரை போட்டுப் பார்த்தேன். நம்பிக்கை வரவில்லை. இன்னொன்று பதிந்து, அதையும் போட்டேன். பிறகு முதலாவதையே மறுபடியும்.

“சரியா இரிக்கா தம்பி?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார். “இன்னொருக்காப் பாப்பம் ராத்தா” என்றேன். அவர் எழும்பவில்லை.