ஃப்ரிட்ஜுக்குப் போர்வை

என் சித்தப்பா லைன்மேன். புயல் அடித்து ஊரே இருண்டு கிடக்கும்போது கம்பத்தின் உச்சியில் நின்றுகொண்டு, கீழே இருப்பவர்களோடு அரட்டை அடித்தபடியே வேலை பார்ப்பார். தரையில் இறங்கிவிட்டால் மனிதர் ஊமை. அதிலும் கண்ணாடிக்கடை அக்கா எதிரில் நின்றால் கேட்கவே வேண்டாம், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடி செய்து தரும் கடை அந்த அக்காவுடையது. அங்கே வாங்கிய கண்ணாடியின் ஸ்க்ரூவை இறுக்க வேண்டும் என்று வாராவாரம் போய் நிற்பார் சித்தப்பா. சட்டைப் பையில் எப்போதும் ஸ்க்ரூ டிரைவர் வைத்திருக்கும் ஆள்! அக்காவும் ஒரு வார்த்தை கேட்காமல் இறுக்கிக் கொடுப்பார். இரண்டு பேருக்கும் கல்யாண வயது தாண்டிப் பல வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். சித்தப்பா மட்டும் அதை ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். எனக்கோ பொறுமை மருந்துக்கும் கிடையாது. “கேட்டுத் தொலைங்களேன்” என்று அவரை எத்தனை தடவை பிடுங்கி எடுத்திருப்பேன்!

அவருக்கு மேற்பார்வையாளராகப் பதவி உயர்வு வந்தது. மொட்டைமாடியில் விருந்து வைப்பது என்று அப்பா முடிவு செய்தார். அன்றைக்குத்தான் சித்தப்பா என்னைச் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

“அவங்க கடை போட்ட புதுசுல, யாரோ வீட்டு விருந்துல, பழமும் வைனும் சேர்த்து உறைய வச்சுக் குடுத்தாங்களாம். கரண்டியால அள்ளி அள்ளிச் சாப்பிட்டாங்களாம். அந்த மாதிரி மறுபடி எங்கயுமே கிடைக்கலன்னாங்க.”

“எப்போ சொன்னாங்க?”

“போன வருஷம். ஸ்க்ரூ இறுக்கும்போது.”

“சரி, அதுக்கு?”

“அதைச் செஞ்சு கையில குடுத்துட்டு, கேட்டுடலாம்னு இருக்கேன்.”

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உடனே பழம் வாங்க ஓடினேன்.

முதல் தடவை ஆர்வக்கோளாறில் பாட்டில் முழுவதையும் கவிழ்த்தார். மறுநாளும் அது தட்டில் தண்ணீராகவே ஆடிக்கொண்டிருந்தது. வைன் கூடினால் உறையாது என்பது அப்புறம்தான் புரிந்தது. அடுத்த தடவை வைனைக் குறைத்தோம். அது கல்லாகி, குத்திய கரண்டி வளைந்தது. கெட்டுப்போன ஒவ்வொன்றையும் தின்று தீர்க்கும் பொறுப்பை அப்பா தாமாகவே முன்வந்து ஏற்றுக்கொண்டார். கடைசியில் ஒரு வழிக்கு வந்தது. கறுப்புத் திராட்சையையும் அன்னாசியையும் அரைத்து வடிகட்டி, ஆரஞ்சுச் சாறும் சர்க்கரைப் பாகும் எலுமிச்சையும் சேர்த்து, சிவப்பு வைனை அளவோடு ஊற்ற வேண்டும். அகலத் தட்டில் உறைய விட்டு, இடையிடையே முள்கரண்டியால் கிளறிவிட வேண்டும். வாயில் போட்டால் முதலில் பல் கூசியது, பிறகு திராட்சை இனித்தது, கடைசியில் வைன் தொண்டையை மெல்லச் சூடாக்கிக்கொண்டு இறங்கியது. நான் துள்ளிக் குதித்தேன்.

விருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மதியம் தட்டுகள் ஃப்ரிட்ஜுக்குள் உறைந்துகொண்டிருந்தன. சித்தப்பா புதுச்சட்டையைப் போட்டு நாலாவது முறையாகக் கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது மின்விசிறி நின்றது. ஃப்ரிட்ஜ் ஒரு முனகலோடு அடங்கியது. சித்தப்பாவின் முகம் வெளுத்துவிட்டது.

“ஐயையோ, அது இன்னிக்கா?”

எங்கள் தெருவின் பழைய கம்பிகளை மாற்றும் வேலை அது. கடைகள் மூடியிருக்கும் நாளாகப் பார்த்து ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொண்டால் யாருக்கும் தொந்தரவு இருக்காது என்று அலுவலகத்தில் யோசனை சொன்னவரே இவர்தான். விருந்துப் பரபரப்பில் அதைச் சுத்தமாக மறந்துவிட்டார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

“இப்ப நீங்கதானே மேற்பார்வை! ஒரு போனைப் போட்டுக் கரண்ட்டை விடச் சொல்லுங்க” என்றேன்.

“ஆளுங்க மேல கம்பியைப் பிடிச்சிட்டு இருக்காங்க. என்ன பேச்சு பேசுற நீ?”

அவர் புதுச்சட்டையைக் கழற்றிவிட்டு வேலைச் சட்டையை மாட்டினார். “நானும் ஏறினா சீக்கிரம் முடியும். நீ ஃப்ரிட்ஜைத் திறக்காமப் பார்த்துக்க. உங்கப்பாவைக் கிட்டவே விடாத.”

அப்பா என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். “உருகிடுச்சான்னு மட்டும் பார்க்கிறேம்மா.” நான் அசையவில்லை. குளிர் வெளியே போகாமல் இருக்க, வீட்டிலிருந்த கம்பளிகளையெல்லாம் கொண்டுவந்து ஃப்ரிட்ஜுக்குப் போர்த்திவிட்டு, அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

எல்லோருக்கும் முன்னால் வந்தவர் கண்ணாடிக்கடை அக்காதான். கையில் பூங்கொத்து. கம்பளிக் குவியலைப் பார்த்ததும் புருவம் உயர்ந்தது.

“என்னம்மா, ஃப்ரிட்ஜுக்கு உடம்பு சரியில்லையா?”

“ஆமாக்கா, குளிர் ஜுரம்.”

சிரித்துவிட்டு, “அவரு எங்க?” என்றார். ஜன்னல் வழியாகத் தெருமுனைக் கம்பத்தைக் காட்டினேன். அக்கா பூங்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டு விறுவிறுவென்று இறங்கிப் போனார். கம்பத்தடியில் அவர் அண்ணாந்து நிற்பதும், மேலே ஒரு கை தயங்கித் தயங்கி அசைவதும் தெரிந்தது.

வேலை இப்போதைக்கு முடிகிற மாதிரி இல்லை. ஃப்ரிட்ஜை ஒரு விரற்கடை திறந்து பார்த்தேன். தட்டின் ஓரங்கள் இளகத் தொடங்கியிருந்தன. இனியும் காத்திருந்தால் வெறும் பழரசம்தான். சித்தப்பா திட்டினால் திட்டட்டும் என்று தட்டுகளை வெளியே இழுத்தேன். கண்ணாடித் தம்ளர்களில் அள்ளிப் போட்டு, மேலே உறைந்த திராட்சையை வைத்து, ஓட்டமாக ஓடினேன். அப்பா மீதித் தட்டோடு பின்னால் வந்தார். வந்திருந்த விருந்தாளிகள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே இறங்கிவிட்டார்கள்.

முதல் தம்ளரை அக்காவிடம் நீட்டினேன். ஒரு வாய் எடுத்தார். கரண்டி அப்படியே நின்றது. இன்னொரு வாய் எடுத்தார். கண் கலங்கிவிட்டது.

“இதை யாரு செஞ்சது?”

நான் விரலை மேலே காட்டினேன்.

“ஏங்க!” என்று அக்கா கத்தினார். “நான் எப்பவோ சொன்னதை ஞாபகம் வச்சிருந்தீங்களா?”

தெருவே அண்ணாந்து பார்த்தது. தரையில் இருந்திருந்தால் சித்தப்பா தொண்டையைக் கனைத்துவிட்டு நழுவியிருப்பார். ஆனால் அவர் நின்றது கம்பத்தின் மேல். அங்கே அவருக்கு வாய் உண்டு.

“எல்லாமே ஞாபகம் இருக்குங்க! அந்த ஸ்க்ரூ ஒரு தடவைகூட லூசானதே இல்லைங்க! என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?”

அப்பா கரண்டியை வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அக்கா தம்ளரை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார்.

“நான் சரின்னு சொன்னா, அங்க கையை விட்டுட மாட்டீங்களே?”

“இடுப்புல பெல்ட் போட்டிருக்கேங்க!”

“அப்ப சரி.”

தெரு முழுக்க விசில் பறந்தது. நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியவில்லை. “இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி இருக்கு, வந்துடறேன்!” என்று கத்திவிட்டுச் சித்தப்பா கம்பியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சித்தப்பாவின் பங்கு இருந்த தம்ளரை அக்கா என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். அப்பா கேட்டும் தரவில்லை. தன் சால்வையைக் கழற்றி அதைச் சுற்றி மூடிப் பிடித்துக்கொண்டு, அவர் இறங்கும்வரை கம்பத்தடியிலேயே நின்றார்.