தேவயானியின் மேக்ரோ

புதூர்நாட்டில் கம்ப்யூட்டர் சென்டர் என்றால் தேவயானிதான். இருபத்தாறு வயது, திருப்பத்தூரில் படித்த பி.எஸ்சி., தான் எழுதிய மேக்ரோ என்ற குட்டி நிரலின் மேல் தலைகால் புரியாத பெருமை. படிவத்தில் விண்ணப்பிப்பவர் பெயர் வரவேண்டிய இடத்தில் ‘பேர்’ என்றும், தகப்பன் பெயருக்கு ‘பேர்அப்பா’ என்றும் போட்டுவைத்திருந்தாள். பொத்தானைத் தட்டினால் மேக்ரோ அவற்றைத் தேடிப்பிடித்து நிஜப் பெயர்களை வைத்துவிடும்.

வைகாசியில் மேக்ரோவின் வரிகளை அழகாக அடுக்குகிறேன் பேர்வழி என்று, ‘பேர்அப்பா’வுக்குக் கீழே இருந்த ‘பேர்’ வரியை அதற்கு மேலே ஏற்றினாள். வந்தது வினை. மேக்ரோ முதல் வேலையாக ‘பேர்’ என்று கண்ட இடத்திலெல்லாம் கைவைத்தது. ‘பேர்அப்பா’வின் முன்பாதியையும் விடவில்லை. கவியாவின் சாதிச் சான்றிதழ் விண்ணப்பத்தில் தகப்பன் பெயர் ‘கவியாஅப்பா’ என்று விழுந்தது.

அனுப்புமுன் படித்துக் காட்டுவது வழக்கம். அன்று கவியா எழுதிக் கொடுத்த தாளோடு வந்திருந்தவள் அவள் அம்மா மணியம்மாள்.

“தகப்பன் பேரு கவியா அப்பா. சரியாக்கா?”

அந்த ஊரில் எந்தப் பெண் புருஷன் பெயரைச் சொல்கிறாள்? கவியா பிறந்ததிலிருந்து மணியம்மாள் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறாள். “சரிதாங்க” என்றாள். தேவயானிக்கும் உறுத்தவில்லை. அவள் வீட்டிலும் அதே கதைதான்.

விண்ணப்பம் தள்ளுபடியாகித் திரும்பியபோது கவியா போகவேண்டிய நர்சிங் கலந்தாய்வு முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. அம்மாவை இழுத்துக்கொண்டு வந்த கவியா தாளை மேசையில் எறிந்தாள்.

“நான் எழுதிக் குடுத்ததுல ராஜாக்கண்ணுன்னுதானே இருந்துச்சு? இது இன்னா?”

பார்த்ததுமே தேவயானிக்குப் புரிந்துவிட்டது. வரிசையில் பத்துப் பேர் நின்றார்கள். கவியா எழுதிக் கொடுத்த தாள் தேவயானியின் மேசை டிராயரிலேயே கிடந்தது.

“உங்க அம்மாகிட்ட படிச்சுக் காட்னேனே. அவங்கதான் சரின்னாங்க.”

பொய்யில்லை. அதுதான் கொடுமை.

கவியா அம்மாவின் பக்கம் திரும்பினாள். “புருஷன் பேரச் சொன்னா நாக்கு அழுகிடுமா உனக்கு? என் படிப்பே போச்சே! இனிமே என்கிட்ட பேசாத.”

மணியம்மாள் மறுக்கவில்லை. “நான்தான் சரின்னுட்டேன்” என்று அழுதாள். பிறகு மேசையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் காதிலும் விழும்படி, “ராஜாக்கண்ணு. ராஜாக்கண்ணுங்க. இப்ப மாத்திப் போடுங்க” என்றாள். அவள் அந்தப் பெயரைச் சொன்னது அதுவே முதல்முறை.

தேவயானி திரையைத் தன் பக்கம் திருப்பி, மேக்ரோவின் அந்த இரண்டு வரிகளைப் பழையபடி இடம் மாற்றிவிட்டுப் பொத்தானைத் தட்டினாள். தகப்பன் பெயர் சரியாக விழுந்தது.

“பாத்தீங்களாக்கா, ஒழுங்கா சொன்னா ஒழுங்கா வருது” என்றாள்.