ரெஃப்யூரியோவில் பிரிஜிட்டின் நான்கு மனுக்கள்

இது இரண்டாயிரமாவது வருடம் அக்டோபரில் போன பயணம். டல்லாஸ் பக்கத்திலிருந்து தெற்கு டெக்சாஸின் பழைய ஐரிஷ் ஊர்களுக்கு எப்படிப் போவது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நாலு வரியில் பதில் சொல்லி முடித்திருக்கலாம். எழுத உட்கார்ந்த பிறகு நிறுத்த முடியவில்லை. சாலை இன்றும் அதேதான். விலைகளை மட்டும் அந்தக் காலத்து விலையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் அப்போது டல்லாஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோவில் இருந்தோம். எனக்கு ஏழாவது மாதம். கணவர் செந்திலுக்கு ஒரு டெலிகாம் கம்பெனியில் வேலை. வீட்டில் ஒரே கார். அதை அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டால், நான் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த வீட்டு வரிசைகளுக்கு நடுவே நடப்பேன். தார் முடிந்து செம்மண் தொடங்கும் இடம்வரை போய்த் திரும்புவேன். வீட்டுக்கு வந்தால் ஐந்து நிமிடம் உட்கார முடியாது. மறுபடி செருப்பைப் போடுவேன்.

காரணம் வயிறு இல்லை. பிரசவத்துக்கு அம்மா வர வேண்டும். கோபிச்செட்டிப்பாளையத்திலிருந்து சென்னை போய் இரண்டு முறை நேர்காணலில் நின்றார். இரண்டு முறையும் விசா இல்லை என்றுவிட்டார்கள். முதல் முறை, திரும்பிப் போவார் என்பதற்கு ஆதாரம் போதாது என்று சொன்னார்களாம். இரண்டாம் முறைக்குச் செந்தில் ஒரு அழைப்புக் கடிதம் அனுப்பியிருந்தார். என்ன ஆனது என்று கேட்டால் அம்மா, "இல்லைன்னுட்டாங்க அம்மிணி, விடு" என்று போனை வைத்துவிட்டார். குழந்தைக்கு டிசம்பர் நடுவில் தேதி கொடுத்திருந்தார்கள்.

அந்த வாரம்தான் பேப்பரில் ஒரு சின்னச் செய்தி பார்த்தேன். ரெஃப்யூரியோவில் ஒரு சர்ச் கூடத்தில், இருநூறு வருடங்களுக்கு முன் அயர்லாந்து மக்கள் அரசாங்கத்துக்கு எழுதிய மனுக்களின் நகல்களைக் கண்காட்சியாக வைக்கிறார்கள். அந்த ஊரில் முதலில் குடியேறியவர்கள் ஐரிஷ்காரர்கள். கல்யாணத்துக்கு முன் நான் எம்.ஃபில். செய்தது கிட்டத்தட்ட அதே விஷயத்தில், அதே காலத்தில். கோயம்புத்தூர் கலெக்டருக்கு நம் விவசாயிகள் போட்ட மனுக்கள். அயர்லாந்தை டப்ளின் கோட்டையில் உட்கார்ந்து ஆண்டவர்களும் பிரிட்டிஷ்காரர்கள்தான். நடைமுறை ஒன்றாகத்தான் இருக்கும் என்று தோன்றியது.

"மனுவைப் பாக்கறதுக்கா முன்னூத்தி எண்பது மைல்?" என்றார் செந்தில்.

"வீட்டுல இருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சுடுங்க."

டாக்டர் அம்மாவிடம் கேட்டோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடக்கச் சொல்லி அனுமதி கொடுத்தார்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். 121-ஆம் சாலையில் போய் 35-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்தோம். டல்லாஸைத் தாண்டும்போது இன்னும் இருட்டு, டிராஃபிக் இல்லை. வேக்கோவில் பெட்ரோல் போட்டோம், கேலன் ஒன்றரை டாலருக்குக் கொஞ்சம் குறைவு. அங்கே நான் பம்பைச் சுற்றிச் சுற்றி நடந்ததைப் பார்த்து ஒரு ட்ரக் டிரைவர் செந்திலிடம், "ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்னு தெரியுமா?" என்று கேட்டார். கவலையோடுதான் கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

ஆஸ்டினில் ஒரு மணி நேரம் போனது. எந்தக் கிழமையில் போனாலும் அந்த ஊருக்கு அந்த நேரத்தை ஒதுக்கிவிடுங்கள். அங்கிருந்து ஃப்ரீவேயை விட்டுவிட்டு 183-க்கு மாறினால் கடைசிவரை அதே சாலைதான். லாக்ஹார்ட்டில் ஊரே இறைச்சி சுடும் புகையில் மணக்கும். சைவர்களுக்கு அங்கே ஒன்றும் இல்லை. நாங்கள் ஒரு மரத்தடியில் காரை நிறுத்தி, கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டோம். கான்சாலஸ், குவேரோ, கோலியாட் என்று சின்னச் சின்ன ஊர்கள். கோலியாடில் ஸ்பெயின்காரர்கள் கட்டிய கோட்டை இருக்கிறது. அவசியம் இறங்கிப் பாருங்கள். நான் இறங்கவில்லை. கண்காட்சியை நாலு மணிக்கு மூடுவார்கள் என்ற நினைப்பில் செந்திலை விரட்டிக்கொண்டே இருந்தேன்.

ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டி 'ரெஃப்யூஜியோ' என்று கேட்டால் வழி சொல்ல மாட்டார்கள். 'ரெஃப்யூரியோ' என்று கேளுங்கள். இரண்டேமுக்காலுக்குச் சேர்ந்தோம்.

கூடத்தில் எட்டு மேஜைகள், ஒரு காபிப் பாத்திரம், எங்களைத் தவிர மூன்று பேர். பார்வையாளர்களைக் கவனித்துக்கொண்டது பெட்டி என்ற அம்மாள். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் எங்கே போனாலும் பின்னாலேயே ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் ஒருமுறையும் அதில் உட்காரவில்லை.

மனுக்களைப் பார்த்ததும் எனக்கு என் எம்.ஃபில். நாட்கள்தான் நினைவுக்கு வந்தன. காகிதத்தை நீளவாக்கில் மடித்து, வெளிப்பக்கத்தில் குமாஸ்தா ஆளின் பெயர், ஊர், கேட்பது என்ன என்று ஒரு வரியில் குறித்திருக்கிறார். அதன் கீழே அதிகாரியின் முடிவு. உள்ளே ஒரு பக்கம் முழுக்கக் கண்ணீர், வெளியே மூன்றே சொல்லில் பதில். கோயம்புத்தூரிலும் இதே மடிப்பு, இதே இடத்தில் குறிப்பு.

பெட்டி எங்களைக் கடைசி மேஜைக்குக் கூட்டிப்போனார். "இது எங்க குடும்பம்," என்றார். அவருடைய முன்னோர் ஒருத்தி டெக்சாஸுக்குக் கப்பல் ஏறினாள். அயர்லாந்திலேயே தங்கிவிட்ட அவளுடைய அக்கா பெயர் பிரிஜிட். பிரிஜிட்டின் கணவனை ஆடு திருடியதற்காக ஏழு வருடம் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தத் தீர்ப்பாகியிருந்தது. அவனை விடச் சொல்லி அவள் டப்ளின் கோட்டைக்கு ஒரே வருடத்தில் நான்கு மனுக்கள் போட்டிருக்கிறாள்.

முதல் மனுவில் அவளுக்குக் கதியற்ற ஐந்து குழந்தைகள். இரண்டாவதில் ஏழு. மூன்றாவதில் கைக்குழந்தையோடு சேர்த்து மூன்று, கூடவே படுத்த படுக்கையாக ஒரு மாமியார். மூன்றாவதன் வெளிப்பக்கத்தில் அதிகாரி எழுதியிருந்ததைப் பெட்டி படித்துக் காட்டினார். முன்பு சொன்னதோடு ஒத்துப்போகவில்லை, சட்டம் தன் வழியில் செல்லட்டும்.

"ரொம்ப வருஷம் இவளைப் பொய்க்காரின்னுதான் நெனச்சிட்டிருந்தேன்," என்றார் பெட்டி.

நான் நாலு தாள்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். நாலும் நாலு வெவ்வேறு கையெழுத்து. அடியில் எல்லாவற்றிலும் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் 'பிரிஜிட்டின் அடையாளம்' என்று வேறொருவர் எழுதியது.

"இவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழுதினவங்க ஆளுக்கொண்ணா எழுதியிருக்காங்க. உள்ள என்ன இருந்துச்சுன்னு இவளுக்கே தெரிஞ்சிருக்காது," என்றேன்.

"ஆமா. எனக்கு அது புரியறதுக்குப் பத்து வருஷம் ஆச்சு," என்றார் பெட்டி. "நாலாவதைப் படிங்க."

நாலாவது மனு மொத்தம் ஐந்து வரி. குழந்தைகள் கணக்கு இல்லை, காலில் விழுவது இல்லை. கணவனை விடச் சொல்லியும் கேட்கவில்லை. எந்தக் கப்பலில் ஏற்றுகிறீர்கள், எந்தத் துறைமுகம் என்று தெரிவித்தால் நடந்து வந்து ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் இருந்தது. அதன் வெளிப்பக்கத்தில் கப்பல் பெயரும் 'கோவ் ஆஃப் கார்க்' என்ற துறைமுகத்தின் பெயரும் குறித்து, அவளுக்குத் தெரிவிக்கவும் என்று எழுதியிருந்தது.

"போய்ப் பாத்தாளா?"

"தெரியலை. அதுக்கப்புறம் இவளைப் பத்தி ஒரு காகிதமும் இல்லை."

அன்று ஊர் எல்லையில் ஒரு மோட்டலில் தங்கினோம். நாற்பத்திரண்டு டாலர், சுத்தமான இடம். பக்கத்து ஊர் ராக்போர்ட்டில் கடல் பார்க்கலாம் என்பது திட்டம். எனக்கு ஒன்றிலும் மனம் நிற்கவில்லை. ஞாயிறு காலை எழுந்ததும் செந்திலை ஒரு பெட்ரோல் பங்குக்கு ஓட்டச் சொல்லி, காலிங் கார்டை எடுத்துக்கொண்டு பொதுத் தொலைபேசியில் நின்றேன். இந்தியாவில் மாலை ஆறரை.

"அம்மா, ரெண்டாவது தடவை உள்ள என்ன கேட்டாங்க? ஒண்ணு விடாம சொல்லு."

"உன் காயிதத்தைப் பாத்துட்டு, மகளுக்கு உடம்பு எப்படி இருக்குன்னு, தமிழ்ல மாத்திச் சொல்ற அந்தப் பொண்ணை விட்டுக் கேட்டாங்க. எனக்குப் பகீர்னுருச்சு. அவளுக்கு என்னங்க, நல்லாத்தானே இருக்கா, நேத்துகூடப் பேசினேனேன்னேன். அந்த ஆபீசரு காயிதத்தையும் என் மூஞ்சியையும் மாறி மாறிப் பாத்தான். பாஸ்போர்ட்டைத் திருப்பிக் குடுத்துட்டான்."

"இதை ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீதான் என்கிட்ட மறைக்கறேன்னு நெனச்சேன். நெசத்தைச் சொல்லு அம்மிணி. உனக்கு என்ன பண்ணுது? நான் ராத்திரி தூங்கியே மூணு வாரம் ஆச்சு."

எனக்கு ஒன்றுமில்லை, குழந்தை உதைத்துக்கொண்டே இருக்கிறது என்று நான் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. அம்மா நம்பியதுபோல் தெரியவில்லை. கார்டில் இருந்த நிமிடங்கள் தீர்ந்து லைன் போய்விட்டது.

ராக்போர்ட் போகவில்லை. வடக்கே திரும்பினோம். கோலியாட் வந்ததும் கேட்டேன்.

"லெட்டர்ல என்ன எழுதினீங்க?"

அந்தக் கடிதத்தை நான் படித்ததே இல்லை. செந்தில் ஆபீஸில் டைப் செய்து, நேராக அங்கிருந்தே அனுப்பியிருந்தார்.

"ஆபீஸ்ல கூட வேலை பாக்கற மகேஷ் ஒரு ஃபார்மேட் குடுத்தான். அவங்க மாமியாருக்கு அதுலதான் கிடைச்சுது. கொஞ்சம் எமோஷனலா இருந்தாத்தான் ஒர்க் அவுட் ஆகும்னான்."

"என்ன எழுதினீங்கன்னு கேட்டேன்."

"காம்ப்ளிகேஷன் இருக்கு, பெட் ரெஸ்ட்ல இருக்கான்னு."

"என் உடம்பைப் பத்தி எழுதறீங்க, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. எங்கம்மா அங்க நான் சாகப்போறேன்னு நெனச்சு உக்காந்திருக்காங்க."

அவர் காரைச் சாலையோரப் புல்லில் இறக்கி நிறுத்தினார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். "டைப் பண்ணும்போதே ரெண்டு தடவை அழிச்சேன் வாசுகி. அப்படியே நடந்துடுமோன்னு பயம். உன்கிட்ட எப்படிக் காட்டறது? அனுப்பிட்டு அந்த ஃபைலை டெலீட் பண்ணிட்டேன்."

என்னால் அவரைத் திட்டவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. இறங்கி வேலியோரமாக நடந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் மாடுகள் என்னைப் பார்த்துக்கொண்டே கூட நடந்தன. கொஞ்ச தூரம் போன பிறகு பின்னால் செந்திலும் வருவது தெரிந்தது. நடந்தோம், திரும்பினோம், காரில் ஏறினோம்.

குவேரோவில் ஒரு டோனட் கடையில் உட்கார்ந்து கடிதத்தை எழுதினேன். முதலில் தமிழில். குழந்தைக்கு டிசம்பர் நடுவில் தேதி. நான் நலம். அம்மா கோபியில் பால் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிறார், எட்டு வாரம் விடுப்பு கிடைத்திருக்கிறது, அந்த உத்தரவு இணைப்பில். அப்பா தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஊரில் இருப்பார். எட்டு வாரம் முடிந்ததும் அம்மா வேலைக்குத் திரும்ப வேண்டும். இவ்வளவுதான்.

செந்தில் படித்துவிட்டு, "ரொம்ப ட்ரையா இருக்கே? ப்ளீஸ்னு ஒரு வார்த்தைகூட இல்லை," என்றார்.

"இதை இங்கிலீஷ்ல அப்படியே போடுங்க. ஒண்ணும் சேக்காதீங்க."

ஆஸ்டினில் புது காலிங் கார்டு வாங்கி, மறுநாள் வீட்டிலிருந்து கடிதத்தை அம்மாவுக்கு வரி வரியாகப் படித்தேன். அம்மா ஒரு வரியில் நிறுத்தினார். "எட்டு வாரம்னா சரியா எட்டு வாரமா?"

"ஆமாம்மா."

"சரி. அதையே சொல்றேன்."

போக நினைப்பவர்களுக்கு: ஒரே நாளில் போய் வரும் தூரம் இல்லை, இரண்டு நாளாவது வையுங்கள். வெயில் காலத்தில் வேண்டாம். 183-இல் இரவில் மான்கள் குறுக்கே வரும், வெளிச்சம் இருக்கும்போதே ஓட்டிவிடுங்கள். நான் பார்த்த கண்காட்சி இப்போது இல்லை. ஆனால் இந்த மனுக்களின் மூலங்கள் டப்ளின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன என்று பெட்டி சொன்னார். அயர்லாந்து போகிறவர்கள் விசாரித்துப் பாருங்கள். மடிப்பின் வெளிப்பக்கத்தை மறக்காமல் பாருங்கள். கோலியாடில் இறங்குங்கள். நான் இன்றுவரை அந்தக் கோட்டையைப் பார்த்ததில்லை.

யாருக்காவது விசாக் கடிதம் எழுத வேண்டியிருந்தால், அதைக் கையில் எடுத்துப் போகிறவருக்கு முதலில் படித்துக் காட்டிவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரே அறிவுரை இதுதான்.

நவம்பரில் அம்மா மூன்றாம் முறையாகப் போனார். அன்று நான் வீட்டுக்குள்ளேயே நடந்து நடந்து, செந்தில் என்னைப் பிடித்து உட்கார வைத்தார். போன் வந்தது.

"குடுத்துட்டாங்க அம்மிணி. ஆனா அந்தக் காயிதத்தை அவன் தொடக்கூட இல்ல. எத்தனை நாளு இருப்பீங்கன்னு கேட்டான், எட்டு வாரம்னேன். அப்புறம் யாரு வேலையைப் பாப்பான்னான், நான்தான் வந்து பாக்கோணும்னேன். அவ்வளவுதான்."

டிசம்பர் முதல் வாரத்தில் வந்து இறங்கினார். விமான நிலையத்தில் சூட்கேஸைக்கூட வாங்கவிடாமல், முதலில் என் முகத்தையும் காலையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். குழந்தை பத்து நாள் கழித்துப் பிறந்தாள்.

எட்டு வாரம் என்பது எவ்வளவு குறைவு என்று அப்போதுதான் தெரிந்தது. ஜனவரிக் கடைசியில் குழந்தைக்கு வயிற்று வலி, இரவெல்லாம் அழுகை. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சங்கத்துக்கு ஒரு போன் போட்டால் இன்னும் ஒரு மாதம் சம்பளமில்லா விடுப்பு கொடுப்பார்கள். இங்கே தங்கவும் ஆறு மாதம் அனுமதி முத்திரை இருந்தது. இரு அம்மா என்று கெஞ்சினேன். செந்திலும், "டிக்கெட்டை நான் மாத்திக் குடுக்கறேன் அத்தை," என்று எவ்வளவோ சொன்னார்.

"இருக்கலாம் மாப்ள. யாரும் கேக்கமாட்டாங்க," என்றார் அம்மா. "ஆனா விசா குடுத்தவன் மூஞ்சியப் பாத்து எட்டு வாரம்னு நான் சொல்லிட்டு வந்திருக்கேன்."

கிளம்பும் நாளில் குழந்தையைக் குளிப்பாட்டி, பால் கொடுக்க வைத்து, தூங்கப் போட்டுவிட்டுத்தான் புடவை மாற்றினார். விமான நிலையத்தில் நான் அழுதேன். அவர் அழவில்லை. சோதனை வரிசையில் நின்றவர் ஒருமுறை திரும்பி, குழந்தைக்குத் தலை சாய்கிறது, கையை முட்டுக் கொடு என்று சைகை காட்டினார். கையைச் சரிசெய்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது அம்மா உள்ளே போயிருந்தார்.