காட்டுக்குள் ஒரு நேர்கோடு

மாரிசெல்வி கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். பத்தாவது முடித்ததும், பென்னலூரில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறையில் குடியிருந்த அக்கா நாச்சியாரிடம் வந்து சேர்ந்தாள். இருங்காட்டுக்கோட்டை சிப்காட் தொழிற்பேட்டையில், அக்கா வேலை பார்த்த மின்னணுப் பலகை செய்யும் கம்பெனியிலேயே இவளுக்கும் வேலை. லைனில் வருகிற ஒவ்வொரு பலகையையும் லென்ஸுக்கு அடியில் வைத்து, ஈயம் ஒட்டக்கூடாத இடத்தில் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவள் கையைத் தாண்டிப் போன பலகை திரும்பி வந்தது என்ற பேச்சே கிடையாது.

வார விடுமுறையில் மற்ற பெண்கள் சினிமாவுக்குப் போனார்கள். இவள் காட்டுக்குப் போனாள். கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்த்த இராமச்சந்திரன், மலையேறப் பிடித்தவர்களைச் சேர்த்து ஒரு குழு வைத்திருந்தார். ஒரு தடவை மலையில் வழி தவறிய கல்லூரிப் பையனைத் தேடிக் கொடுத்தார்கள். அதிலிருந்து காட்டில் யார் காணாமல் போனாலும் போலீஸ்காரர்கள் இவர்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். சம்பளம் கிடையாது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு இரண்டு ஜி.பி.எஸ். கருவி வாங்கினார்கள். உள்ளங்கை அளவு கருவி. அதை வைத்துக்கொண்டு நடந்தால் போன தடமெல்லாம் அதில் பதியும். திரும்பி வந்து கம்ப்யூட்டரில் மாட்டினால், நடந்த வழி வரைபடத்தின்மேல் நீலக் கோடாக வரும்.

மாரிசெல்வி முதல் தடவை தன் நடையைத் திரையில் பார்த்தபோது சிரிப்பை அடக்க முடியவில்லை. கோடு பாகற்கொடி மாதிரி வளைந்து வளைந்து போயிருந்தது. உட்கார்ந்து சோறு தின்ற இடத்தில் நூல்கண்டாகச் சிக்கிக் கிடந்தது. ராத்திரி அக்காவிடம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள்.

"ஏட்டி, நடக்கதுக்குக் காலு, நடந்ததப் பாக்கதுக்கு டிவியா?" என்றாள் நாச்சியார். ஆனால் மறுநாள் கேன்டீன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவளும் அவள்தான்.

இரண்டாயிரத்து நான்காம் வருஷம், ஆடி கடைசியில் ஒரு ஞாயிறு காலை, சேரப்பணஞ்சேரியிலிருந்து ஆள் வந்தது. செல்லம்மாள் என்ற அறுபது வயது அம்மாள், முந்தின நாள் மத்தியானம் களாக்காய் பறிக்கக் காப்புக்காட்டுக்குப் போனவள், திரும்பவில்லை.

பஞ்சாயத்து டிவி அறையில் கம்ப்யூட்டரை வைத்தார்கள். செல்லம்மாளின் மகள் காந்திமதி வாசலிலேயே நின்றாள்.

"எங்க பறிக்கும்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?" என்று மாரிசெல்வி கேட்டாள்.

"யாருக்கும் சொல்லாதும்மா. பெத்த பொண்ணு என்னையே கூட வர வுடாது. சக்கரை வேற கீது, மாத்திரையும் போடல."

காந்திமதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு காட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்தார்கள். கருவியோடு போன இரண்டு கூட்டமும் ஒவ்வொரு கட்டமாக அலசிவிட்டு வர, மாரிசெல்வி கோடுகளை இறக்கி, முடிந்த கட்டத்துக்குப் பச்சை அடித்தாள். மத்தியானம் சாய்ந்தபோது வரைபடம் முழுக்கப் பச்சை. ஆள் மட்டும் இல்லை.

வாலாஜாபாத் பஸ்ஸில் ஒரு கிழவியைப் பார்த்ததாக யாரோ சொன்னார்கள். செல்லம்மாளின் தங்கை வீடு அங்கேதான்.

"அப்ப காடு முடிஞ்சிது. எல்லாரும் வண்டியில ஏறுங்க, வாலாஜாபாத் போலாம்," என்றார் இராமச்சந்திரன்.

வண்டி உறுமுகிற சத்தம் கேட்டது. மாரிசெல்வி எழுந்திருக்கவில்லை. ஷிஃப்ட் முடியும்போது கடைசிப் பலகையை இன்னொரு தடவை பார்ப்பாளே, அந்தப் பழக்கத்தில் தான் அடித்த பச்சையைத் திரும்பப் பார்த்தாள். கிழக்கு ஓரத்துக் கட்டத்தில் ஓடையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு கோடு போயிற்று. ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக. முள்ளும் பாறையுமான காட்டில் எந்த மனிதனால் அப்படி நடக்க முடியும்?

அதற்குப் பச்சை அடித்தது அவள் கைதான்.

வெளியே ஓடி வந்து வண்டிக்கு முன்னால் நின்றாள். "சார், போவாதிய! நான் தப்பாப் பச்ச அடிச்சிட்டேன். அந்தக் கட்டம் யார் போனது?"

பேக்கிங்கில் வேலை பார்க்கும் பிச்சையா கையைத் தூக்கினான். அவனும் தெற்கத்திக்காரன்.

"அண்ணே, வழியில மிஷின அணைச்சியளா?"

"ஆமா தாயி. ஓடைப் பக்கம் ஒரே முள்ளு. சுத்திப் போற நேரத்துல பேட்டரி எதுக்கு வீணா ஓடணும்னு அணைச்சிட்டு, அந்தப் பக்கம் போயித்தான் போட்டேன்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னான். "வீட்டுல ஆளில்லாம ஃபேன் ஓடுனா அணைப்போம்லா?"

அணைத்த இடத்தையும் போட்ட இடத்தையும் கம்ப்யூட்டர் தன்பாட்டுக்குக் கோடு போட்டு இணைத்துவிட்டது. ஓடைக்குள் ஒருவரும் இறங்கவில்லை.

இராமச்சந்திரன் வண்டியை அணைத்தார். "இன்னா பாத்துகினு நிக்கிறீங்க? எறங்குங்கய்யா!"

இந்தத் தடவை கருவியைப் பிடித்துக்கொண்டு மாரிசெல்வியே முன்னால் நடந்தாள். ஓடைக்கரை முள்ளைப் பிச்சையா அரிவாளால் வெட்டி வழிவிட்டான். பாதி இறங்கியதும் கீழேயிருந்து கரகரத்த குரல் வந்தது.

"யார்ரா அது? செடிய வெட்டாதடா, பாவி!"

ஆள் உயரத்துக்கு வளர்ந்த களாப்புதர்களின் நிழலில் செல்லம்மாள் உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் பூசணிப்பிஞ்சாக வீங்கியிருந்தது. மடி நிறையக் களாக்காய், பழுத்ததும் பழுக்காததும். ராத்திரி முழுக்கக் கத்தித் தொண்டை கட்டிவிட்டதாம். பழத்தைத் தின்றே நாக்கை நனைத்துக்கொண்டிருந்தாளாம். மாரிசெல்வி தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு அவள் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"எனுக்குத்தானே காலு மடங்கிச்சி, நீ ஏன்டி அழுவுறே? இந்தா, ரெண்டு தின்னு," என்று செல்லம்மாள் அவள் வாயில் பழத்தைத் திணித்தாள்.

தூக்கிக்கொண்டு வந்து, வண்டி ஏற்றுவதற்கு முன் டிவி அறையில் உட்காரவைத்தார்கள். காந்திமதி அம்மாவைத் திட்டுவதும் முத்தம் கொடுப்பதுமாக இருந்தாள். செல்லம்மாள் திரையையே பார்த்தாள்.

"இதுல நான் எங்க குந்தியிருந்தேன்?"

மாரிசெல்வி ஆசையாக அந்த இடத்தில் சிவப்புப் புள்ளி வைத்து, 'செல்லம்மாள்' என்று பேரும் அடித்துக் காட்டினாள்.

கிழவி பதறிப்போனாள். கதவுப் பக்கம் திரண்டிருந்த ஊரை ஒரு தடவை பார்த்துவிட்டு, மாரிசெல்வியின் காதோரம் குனிந்தாள். "அய்யய்யோ, அழிச்சிடு கண்ணு. அடுத்த வருசம் ஒரு காய் மிச்சம் வெப்பானுங்களா?"

இராமச்சந்திரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். மாரிசெல்வி புள்ளியை அழித்தாள். அழித்த பிறகும் கிழவி, கண்ணை இடுக்கிக்கொண்டு ஒரு தடவை சரிபார்த்தாள்.

மறுநாள் பிச்சையா பேக்கிங்கிலிருந்து மஞ்சள் டேப் கொண்டுவந்து, இரண்டு கருவியின் சுவிட்சையும் மூடித் தானே ஒட்டினான். களாக்காய் காலம் வந்தால் பென்னலூர் அறைக்கு ஒரு பை வரும். நாச்சியார் ஊறுகாய் போட்டு, கேன்டீனில் எல்லாருக்கும் கொடுப்பாள். எங்கே பறித்தது என்று யார் கேட்டாலும், "எந்தங்கச்சிக்குத் தெரியும், சொல்ல மாட்டா" என்பாள்.